வரிசையில் வந்த வயர்க்கூடை

"எவனோ ஒருத்தன் துண்டுச் சீட்டுல கிறுக்கினதுக்காக என் படத்துல இருந்து வசனத்தை எடுக்கணுமா டீச்சர்?"

"ஆமா அண்ணாச்சி."

"மொத்த வசனத்தையுமா?"

"மொத்தத்தையும்."

"சீட்டு எழுதினவனுக்கு சினிமாவைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"பிறகு?"

"தெரிஞ்சவன்கிட்ட கேட்டா உங்களை மாதிரியே சொல்லுவான். அதை எதுக்குக் கேக்க?" என்றார் டீச்சர்.

எவனோ ஒருத்தன் என்றாரே ஆவுடையப்பன் அண்ணாச்சி, அந்த எவனோக்களில் நானும் ஒருத்தன். எனக்கு இன்னும் அந்தச் சொல்லின் சூடு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துத் தூங்காமல் மாடி ஏறி வந்து, முன்பின் தெரியாதவர்களின் படத்தை உட்கார்ந்து பார்க்கிறோம். எங்களுக்கு இந்தப் பேர்.

இடம் இதுதான். மெத்தைக் கடைக்கு மேலே ஒரு ஹால். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை. ஜெபசீலி டீச்சருக்கு முப்பத்து மூன்று வயது. சென்னையில் ஒன்பது வருஷம் படங்களை வெட்டி ஒட்டுகிற வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பி வந்து, குறும்படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

கற்றுக்கொடுக்கிறார் என்று பேர். ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டார்.

ஞாயிறு சாயந்தரம் நாலு மணிக்குப் படம் போடுவார். மூன்று நிமிஷத்துக்கு மேல் ஒரு நொடி ஓடக்கூடாது. படம் முடிந்ததும் நாங்கள் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி பிஸ்கட் டப்பாவில் போடவேண்டும். யாரும் பேர் போடக்கூடாது. படம் எடுத்தவர் கண்ணை மூடி ஒரு சீட்டை எடுப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறதோ, அதற்குக் கட்டுப்பட்டு அதே படத்தை மறுபடி எடுத்து அடுத்த ஞாயிறு கொண்டுவரவேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. படம் ஓடும்போதும் ஓடி முடிந்த பிறகும் எடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. அவர் சொல்ல நினைத்ததைப் படம் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லைதான்.

கீழே மெத்தைக் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாழாய்ப் போன தாள்களைச் சீட்டாக வெட்டி டீச்சரிடம் கொடுப்பது நான்.



ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். இந்த ஊரில் பாதிப் பேர் தாலி கட்டியதை அவர்தான் எடுத்திருக்கிறார், என்னுடையதையும் சேர்த்து. தன்னைவிட இருபத்து மூன்று வயது சின்னவரிடம் வந்து, "நான் ஒரு படம் எடுக்கணும், சொல்லித் தாங்க" என்று நின்றார்.

"என்ன படம்?"

"என் சம்சாரம் பகவதி. ஆஸ்பத்திரி வரிசையில காலையில ஆறு மணிக்குப் போய் நின்னா. மத்தியானம் ஒண்ணரைக்கு செத்துக் கிடந்தா. அஞ்சரை அடி உயரத்துல ஒரு மனுஷி. சுத்தி இருநூறு பேரு. ஒருத்தன் பாக்கல. எட்டு மாசம் ஆச்சு டீச்சர். எவனும் பதில் சொல்லல."

"படத்தைப் பாத்தா சொல்லிருவாங்களா?"

"கோவமாவது படணும்லா. எனக்கு இருக்க கோவத்துல பாதியாவது இந்த ஊருக்கு வரணும்."

டீச்சர் பிஸ்கட் டப்பாவைக் காட்டினார். "சம்மதமா?"

"சம்மதம்," என்றார். அது என்ன டப்பா என்று அப்போது அவருக்குத் தெரியாது.



முதல் படத்தில் ஒரு டாக்டர் கத்தினார். ஒரு நர்ஸ் கத்தினார். பகவதியாக நடித்த பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏழைன்னா இளக்காரமா?" என்று ஒன்றரை நிமிஷம் அழுதாள். கடைசியில் நீதி தேவதை சிலை கண்ணீர் விட்டது.

நாங்கள் எழுதிப் போட்டோம். அவர் எடுத்த சீட்டில் இருந்தது, "வசனம் வேண்டாம்."

டப்பாவில் மிச்சம் இருந்த சீட்டுகளையும் அவர் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் ஒரே வார்த்தைதான் இருந்தது.

ஐயோ பாவம்.

அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன சண்டை. டீச்சரிடம் வசனத்துக்காகக் கத்திவிட்டு, கடைசியில் அடிமனசில் இருந்ததைச் சொன்னார்.

"பாவமாம். இவனுவ பாவத்தை யாரு கேட்டா? தெருவுல அடிபட்ட நாயைப் பாத்தும் பாவம்னுதான் சொல்லுவான். சொல்லிட்டு போய் காபி குடிப்பான்."

"படம் ஓடும்போது அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"நான் எங்க அவங்களைப் பாத்தேன்? படத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வந்தபோது, அவருடைய நாற்காலி முன்வரிசையில் இல்லை. திரைக்கு அடியில், எங்களைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தது.

"என் படத்தை நானே பாக்கக்கூடாதா?"

"அதான் வீட்டுல நூறு தடவை பாத்திருப்பியளே. இங்க உக்காருங்க."

எங்களுக்கும் அது பெரிய தர்மசங்கடமாகிவிட்டது. மூன்று நிமிஷம் ஒரு மனுஷன் நம் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் படத்தை எப்படிப் பார்ப்பது? கொட்டாவியைக்கூட விழுங்க வேண்டியிருந்தது.



வசனம் போன இடத்தில் அண்ணாச்சி இசையைக் கொட்டியிருந்தார். ஷெனாய், வயலின், நடுவில் ஒரு இடி. அந்தப் பெண் முன்னைவிட அதிகமாக அழுதாள்.

அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் ரிட்டயர்டான டெலிபோன் ஆபரேட்டர் சூசையம்மாள் கைக்குட்டையைத் தேடி எடுத்து, ரசித்து அழுதார். பின்னால் இரண்டு பேர் போனைப் பார்த்தார்கள். ஒருவர் இடி இடித்தபோது சிரித்துவிட்டார்.

அவர் எடுத்த சீட்டு: "மியூசிக் வேண்டாம். தலை வலிக்கிறது."

படியில் இறங்கும்போது என் கடை வாசலில் நின்று, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். "தலை வலிக்காம். அவளுக்கு நெஞ்சு வலிச்சுச்சு. அதை எழுத ஒருத்தனுக்குக் கை வரல."

நான் ஜெராக்ஸ் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.



மூன்றாவது ஞாயிறு வசனமும் இல்லை, இசையும் இல்லை. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் திரை முழுக்க இருந்தது. மூன்று நிமிஷமும் கண்ணீர். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் டப்பாவுக்குள் கையை விட்டார். பிரித்தார். படித்தார். டப்பாவைத் தூக்கித் தரையில் அடித்தார். மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம் உருண்டது.

சீட்டில் இருந்தது, "அந்த அம்மா முகத்தைக் காட்டாதீங்க."

"ஆட்டைக் கடிச்சு, மாட்டைக் கடிச்சு, கடைசியில மனுசனையே கடிக்க வந்துட்டானுவ. வசனம் வேண்டாம்னான், எடுத்தேன். பாட்டு வேண்டாம்னான், எடுத்தேன். இப்ப என் பொண்டாட்டியையே எடுக்கச் சொல்லுதான். வே, உங்களுக்கு என்னதான் வேணும்? மூணு நிமிசம் வெறுஞ்சுவரைக் காட்டட்டுமா?"

விதியை மீறி அவர் பேசியதை டீச்சர் தடுக்கவில்லை. கீழே சிதறிய சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு அவங்க அழுதாங்களா அண்ணாச்சி?"

"யாரு?"

"உங்க சம்சாரம்."

அவர் கையில் இருந்த சீட்டை மடித்தார்.

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களா? உக்காந்திருந்தாங்களா? யாரையாவது கூப்பிட்டாங்களா?"

"நான் அங்க இல்லை."

"எங்க இருந்திய?"

"ஒரு கல்யாணத்துல. முகூர்த்த நேரம். தாலி கட்டுற ஷாட் போயிரக்கூடாதுன்னு போனை சைலன்ட்ல போட்டிருந்தேன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாலு தடவை கூப்பிட்டிருக்கா."

டீச்சர் எல்லாச் சீட்டையும் டப்பாவில் போட்டு மூடினார்.

"அப்ப நீங்க எடுத்தது யாரோட முகம்?"



அடுத்த ஞாயிறு படம் இல்லை. டீச்சர் திரையில் ஒரே வரி போட்டார்.

ஆவணி 19, புதன். காலை ஆறு முதல் பிற்பகல் ஒன்றரை வரை.

"படமே இல்லாம என்னத்தை எழுதுவாவ?" என்று கேட்டார் அண்ணாச்சி.

டீச்சர் அவருடைய நாற்காலியைக் காட்டினார். அவர் எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். விளக்கை அணைக்கவில்லை. மூன்று நிமிஷம். அந்தத் தேதிக்கு அடியில் அந்த மனுஷர், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு.

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? முகத்தைக் காட்டாதீர்கள் என்று எழுதியது நான்தான். ஆவணி பத்தொன்பதாம் தேதி சர்க்கரை மாத்திரை வாங்க நானும் அந்த வரிசையில் நின்றேன். முதல் ஞாயிறே எனக்குத் தெரியும், இது எந்தப் பகவதி என்று.

எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நிமிஷம் போனது. மூன்றாவது நிமிஷம் எழுதினேன்.

"அந்த அம்மா அழவில்லை. வயர்க்கூடையை வரிசையில் வைத்துவிட்டு, குழாயடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் கூடைதான் வரிசையில் வந்தது."

சீட்டில் இன்னும் பாதி இடம் இருந்தது. நான் எழுதவில்லை. மடித்துப் போட்டேன்.

அன்றைக்கு டப்பாவில் முப்பத்தெட்டு வெற்றுச் சீட்டு. எழுதியது ஒன்றே ஒன்று.

அவர் அதை எத்தனை தடவை படித்தார் என்று தெரியவில்லை. நிமிர்ந்து கேட்டார்.

"யாரு எழுதினது?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"சீட்டுக்குப் பேர் கிடையாது," என்றார் டீச்சர்.

"அவன் அங்க இருந்திருக்கான் டீச்சர். பக்கத்துல இருந்திருக்கான். எனக்கு அவன் வேணும்."

"உங்களுக்கு இப்ப சீட்டுதான் வந்திருக்கு."

"அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்கணும்."

"கேளுங்க. படத்துல கேளுங்க. வசனம் இல்லாம, பாட்டு இல்லாம, முகம் இல்லாம."

அவர் டீச்சரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். ஆனால் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.



இரண்டு ஞாயிறு ஆளையே காணவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். யாரிடமும் பேசவில்லை. தானாகவே போய் திரைக்கு அடியில், எங்களைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் எடுக்க விடமாட்டார்கள். அன்றைக்கு அவர் வீடியோ எடுத்த அதே கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், சிமெண்ட் தரையில் கேமராவை வைத்து எடுத்திருந்தார். கேமரா ஓர் அங்குலம் நகரவில்லை.

தரையில் ஒரு வரிசை. ஆட்கள் இல்லை, அவர்கள் இடம்பிடிக்க வைத்த சாமான்கள்தான். ஒரு ஜோடி செருப்பு. ஒரு தண்ணீர் பாட்டில். மேலே கல் வைத்த ஒரு ஃபைல். மடக்குக் குடை. நடுவில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு வயர்க்கூடை, கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது. அவருடைய சம்சாரத்தின் கூடையேதான். ஆஸ்பத்திரியில் இருந்து உடம்போடு வந்தது.

வரிசை நகர்கிறது. கால்கள் வந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொள்கின்றன. ஒரு கை பாட்டிலை எடுக்கிறது. கூடையை எடுக்க யாரும் வரவில்லை. பின்னால் இருந்து ஒரு கால் அதை ஒரு தள்ளு தள்ளுகிறது. சரக்.

மறுபடி நகர்கிறது. மறுபடி சரக்.

நிழல் கூடையைத் தாண்டிப் போய்விட்டது. வெயில் வந்துவிட்டது. சரக். சரக். மூன்று நிமிஷமும் அந்தச் சத்தம் மட்டும்தான்.

கூடை கவுண்டருக்கு அடியில் போய் நின்றது. மேலே இருந்து ஒரு கை நீண்டது. அடுத்தது என்று விரலை ஆட்டியது.

படம் முடிந்தது.

சூசையம்மாள் கைக்குட்டையைத் தேடவில்லை. யாரும் போனை எடுக்கவில்லை. டீச்சர் டப்பாவை நீட்டினார். பேனாவைப் பிடித்தபடி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் வாசலில் இருந்து அந்தக் குரல்.

"ஏங்க, கூடை வந்துட்டு. கூடைக்காரி எங்க?"

சூசையம்மாளைக் கூட்டிப்போக வந்த ஆட்டோக்காரர். இந்த ஹாலுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. சவாரிக்காக மேலே வந்தவர், கதவில் சாய்ந்து நின்று பார்த்திருக்கிறார்.

எடுத்தவர் பேசக்கூடாது. நாங்கள் பேசலாம். பதில் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் பேசவில்லை.

"கேக்கேன்லா? ஆளைக் காணோம், கூடை மட்டும் வருது. ஒருத்தனுக்குக்கூடவா தோணல, ஒரு எட்டு போய்ப் பாப்போம்னு? இது என்ன வரிசை? மனுசன் நின்ன வரிசையா?"

அவர் உள்ளே வந்துவிட்டார். எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நாப்பது பேரு உக்காந்திருக்கிய. வாயில என்ன கொழுக்கட்டையா? சரி, பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டே வந்தான்லா ஒருத்தன், அந்தப் பய என்ன செஞ்சான்? அவன் மூஞ்சியை ஏன் காட்டல?"

ஆவுடையப்பன் அண்ணாச்சி அசையவில்லை. கண்ணை மட்டும் எங்கள் மேல் ஓட்டினார். முதல் வரிசை. இரண்டாம் வரிசை. டீச்சர் ஏன் அவர் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டார் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அவர் கண் வந்து சேர்வதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"பின்னாடி நின்னது நான்தான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"காலையில இருந்து நான்தான் தள்ளினேன். கவுண்டர்ல, இது யாருதுன்னு கேட்டாவ. தெரியலன்னேன். அந்த அம்மா சுவத்துல சாஞ்சிருந்தது அங்க இருந்தே தெரிஞ்சுது. தூங்குதாவன்னு நினைச்சேன். இல்லை, நினைச்சுக்கிட்டேன். போய் எழுப்பினா என் இடம் போயிரும். கூடையைக் காலால ஓரமாத் தள்ளிட்டு, என் மாத்திரைச் சீட்டை நீட்டினேன்."

ஆட்டோக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

அண்ணாச்சி எழுந்தார். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஓரமாத் தள்ளுற ஷாட் ஒண்ணு குறையுது டீச்சர்," என்றார்.

பிறகு என்னிடம் கேட்டார்.

"அன்னைக்குப் போட்டிருந்த செருப்பு இருக்கா?"

"வாசல்ல கெடக்கு," என்றேன்.